டியூபாவுக்கு எந்த மைக்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

ஸ்பீக்கர் பற்றிப் பேசின எபிசோடுக்கு அப்புறம் ஒரு கேள்வி வந்திருந்தது. பெங்களூருல ஒரு சின்ன பேண்ட். டிரம்ஸ், கிட்டார், சாக்ஸபோன். பேஸ் கிட்டார் கிடையாது, அந்த இடத்துல டியூபா. "எந்த மேடைக்குப் போனாலும் டியூபா சத்தம் கொழகொழன்னு வருது, இல்லேன்னா கேட்கவே மாட்டேங்குது. நல்ல பேஸ் மைக் ஒண்ணு சொல்லுங்க."

நான் லைவ் சவுண்ட் பண்றவன். இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானதுதான். ஆனா "நல்ல பேஸ் மைக்"ங்கிற அந்த ரெண்டு வார்த்தைலதான் சிக்கலே இருக்கு. டியூபாவை பேஸ்னு நினைச்சு மைக் தேடினா தப்பான மைக்தான் கையில வரும். ஏன்னு சொல்றேன்.

முதல்ல, டியூபா பார்த்திராதவங்களுக்காக. பித்தளை வாத்தியங்கள்லயே பெருசு இது. பி-ஃபிளாட் டியூபாவோட குழாயைச் சுருள் பிரிச்சு நீட்டினா ஏறக்குறைய 18 அடி வரும். அதே நீளக் குழாயை உடம்பைச் சுத்தித் தோள்ல மாட்டிக்கிட்டு நடக்கிற மாதிரி செஞ்சா சூசஃபோன். அமெரிக்க பேண்ட் மாஸ்டர் ஜான் ஃபிலிப் சூசா பேர்ல வந்த பெயர் அது. நாதஸ்வரத்துல அணசுன்னு சொல்றோமே, அந்த விரிஞ்ச வாய்ப்பகுதி, அதை இதுல பெல்னு சொல்றாங்க. டியூபாவுல பெல் மேல பார்க்கும், சூசஃபோன்ல முன்னால பார்க்கும். இந்த வித்தியாசத்தை ஞாபகத்துல வெச்சுக்கங்க, பின்னால தேவைப்படும்.

இந்த வாத்தியம் மிலிட்டரி பேண்ட்லயே நின்னுடல. நியூ ஆர்லியன்ஸ் தெருக்கள்ல பேஸ் வேலையை இதுதான் பார்க்குது. 1977ல தொடங்கின டர்ட்டி டஜன் பிராஸ் பேண்ட்ல கெர்க் ஜோசஃப் சூசஃபோன்ல வாசிச்சதைக் கேளுங்க, பேஸ் கிட்டார் இல்லைங்கிற நினைப்பே வராது. லண்டன்ல சன்ஸ் ஆஃப் கெமெட்னு ஒரு குழு இருந்தது. ஒரு சாக்ஸபோன், ஒரு டியூபா, ரெண்டு டிரம்மர். அவ்வளவுதான். ரெண்டு டிரம் கிட்டுக்கு நடுவுல தியான் கிராஸ் டியூபாவோட நிக்கிறார். அந்த மேடைக்கு சவுண்ட் பண்ணவங்களை நினைச்சா எனக்கு மரியாதையும் வருது, கொஞ்சம் வயித்தையும் கலக்குது.

தெருவுல டியூபாவுக்கு மைக் வேண்டாம். கேட்கிறவங்க பத்தடியில நிக்கிறாங்க, ரெண்டு பக்கச் சுவரும் சத்தத்தைத் திருப்பிக் கொடுக்குது. மேடைன்னு வந்தா கதை வேற. பக்கத்துல கிட்டார் ஆம்ப், பின்னால டிரம்ஸ், காலடியில மானிட்டர். தன் சத்தம் தனக்கே கேட்காதப்ப வாசிக்கிறவங்க என்ன பண்ணுவாங்க? இன்னும் பலமா ஊதுவாங்க. பித்தளை வாத்தியத்துல அதிர்றது உதடுதான், வேற ரீட் கிடையாது. ஒரு மணி நேரம் முட்டி மோதி ஊதினா உதட்டுத் தசை தளர்ந்துடும். ரெண்டாவது செட்ல ஸ்வரம் பிசிறும், உச்சஸ்தாயி எட்டாது. இதையே வாரா வாரம் செஞ்சா தசைக் காயம் வரைக்கும் போகும். மைக் சரியில்லேன்னா ஆடியன்ஸுக்கு வெறும் எரிச்சல்தான், வாசிக்கிறவங்களுக்கோ பொழப்பே அந்த உதடு.

சத்தம் எங்கே இருக்கு?

சரி, கொஞ்சம் நம்பர். நாலு தந்தி பேஸ் கிட்டாரோட அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். டியூபாவும் அந்த ஏரியாவுலதான் சாதாரணமா உலவும். கீழ் எஃப் ஸ்வரம் 43.65 ஹெர்ட்ஸ். பெடல் டோன்னு சொல்ற அடியாழ ஸ்வரங்கள்ல 29 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கலாம்.

இதைப் பார்த்த உடனே, "அப்போ 40 ஹெர்ட்ஸை நல்லா பிடிக்கிற மைக் வேணும்"னு தோணும். அங்கதான் வழுக்குது. டியூபா அந்தக் கீழ் எஃப் வாசிக்கும்போது 43 ஹெர்ட்ஸ் மட்டும் வரல. 87, 131, 175, 218 ஹெர்ட்ஸ்னு மேல மேல அடுக்கா வருது. பலமும் பெரும்பாலும் அந்த மேல் அடுக்குகள்லதான் இருக்கு. அடி அலை ஒப்பிட்டா மெலிசு. ஏன்னா 43 ஹெர்ட்ஸோட அலைநீளம் ஏறக்குறைய எட்டு மீட்டர். அரை மீட்டர் அகலம்கூட இல்லாத பெல், அவ்வளவு பெரிய அலையைத் திறமையா வெளியே தள்ளாது. நம்ம காதும் அந்தப் பக்கம் மந்தம். 40 ஹெர்ட்ஸ் சத்தம் காதுல லேசா விழறதுக்கே ஏறக்குறைய 50 டெசிபல் வேணும்.

அப்புறம் எப்படி கீழ் ஸ்வரமா கேட்குது? மூளை கணக்குப் போடுது. 87, 131, 175 எல்லாம் 43 இடைவெளியில வரிசையா வந்தா, "இதுக்கு அடியில 43 இருக்கணும்"னு அதுவே நிரப்பிக்குது. உதாரணம் வேணுமா? பழைய லேண்ட்லைன் போன் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் அனுப்பாது. ஆம்பளைக் குரலோட அடி அலை 100, 120 ஹெர்ட்ஸ்தான். ஆனாலும் போன்ல அப்பா பேசினா அப்பா குரலாத்தானே கேட்டது? மொபைல் ஸ்பீக்கர்ல இளையராஜா பாட்டு போட்டாலும் பேஸ் கிட்டார் எங்கே போகுதுன்னு பின்தொடர முடியுதுல்ல? அதே விஷயம்தான்.

அதனால, டியூபா தெளிவா கேட்கணும்னா மைக் 80லேர்ந்து 800 ஹெர்ட்ஸ் வரைக்கும் நேர்மையா இருக்கணும். அதுக்கு மேல 1, 2 கிலோஹெர்ட்ஸ்ல நாக்கு தட்டுற "த்த" சத்தம் இருக்கு. ஒவ்வொரு ஸ்வரமும் எங்கே தொடங்குதுன்னு காதுக்குச் சொல்றது அந்த "த்த"தான். அது போச்சுன்னா தாளம் போச்சு.

இப்போ கிக் டிரம் மைக்குக்கு வருவோம். ஏகேஜி டி112, ஷூர் பீட்டா 52ஏ மாதிரி மைக்குகள் கிட்டத்தட்ட எல்லா வாடகை செட்லயும் இருக்கும். டியூபாவைப் பார்த்ததும் நம்ம சவுண்டு அண்ணா கை முதல்ல போறது அதுக்குத்தான். "பேஸ்தானே? இந்தாங்க பேஸ் மைக்." ஆனா அதெல்லாம் கிக் டிரம்முக்காகவே செதுக்கினவை. அடியில ஒரு தூக்கல், 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் பீட்டர் அடிக்கிற "டக்"குக்காக இன்னொரு தூக்கல். நடுவுல ஒரு பள்ளம். டியூபாவோட உயிரே அந்தப் பள்ளத்துலதான் இருக்கு. வேலைக்கே ஆகாதுன்னு சொல்ல மாட்டேன். வேற எதுவும் இல்லாதப்ப அதை வெச்சும், ஈக்யூல நடுப்பகுதியைத் திருப்பிக் கொடுத்தும் ஓட்டலாம். ஆனா காசு போட்டு வாங்க வேண்டிய மைக் அது கிடையாது.

பெல்லுக்கு முன்னால எங்கே?

பலர் நினைக்கிற மாதிரி பெல்லுலேர்ந்து காத்து பீறிட்டு வராது. நொடிக்கு ஒன்றரை லிட்டர் காத்து ஊதினாலும், 45 சென்டிமீட்டர் அகல பெல் வழியா அது வெளியே வர்ற வேகம் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர்தான். மெழுகுவத்தி வெச்சாலும் அணையாது. அதனால பாடகருக்குப் போடுற மாதிரி பாப் ஃபில்டர் எல்லாம் தேவையில்லை. வெளியரங்க மேடைன்னா கடல் காத்துக்காக ஸ்பாஞ்ச் போடுங்க, அது வேற.

கீழ் அலைகள் பெல்லைச் சுத்தி எல்லாப் பக்கமும் பரவும். மேல் அலைகள் டார்ச் வெளிச்சம் மாதிரி நேரா போகும். ஆக, பெல்லோட நடு மையத்துக்கு நேரா மைக் வெச்சா கூர்மையும் "த்த"வும் அதிகம். விளிம்புப் பக்கம் நகர்த்த நகர்த்த சத்தம் மிருதுவாகும். இந்த ஒரு விஷயம் தெரிஞ்சா ஈக்யூல பண்ற வேலை பாதி மிச்சம். கொழகொழன்னு இருந்தா மையத்துக்குக் கொண்டு வாங்க, காதைக் குத்தினா விளிம்புக்குத் தள்ளுங்க.

தூரம்? ஸ்டுடியோவுல நாலடி தள்ளி வெச்சா அழகா இருக்கும். மேடைல அந்த இடத்துல டியூபாவைவிட சிம்பல்தான் அதிகமா விழும். பெல் விளிம்புலேர்ந்து ஒரு சாண், ஒன்றரை சாண் மேல வெச்சு ஆரம்பிக்கிறது என் பழக்கம். ரொம்பப் பக்கம் போனா வாசிக்கிறவங்க லேசா அசைஞ்சாலே லெவல் ஏறி இறங்கும். பெல்லுக்கு உள்ளேயே திணிச்சா வெளிச்சத்தம் குறையும்தான், ஆனா குடத்துக்குள்ள தலையை விட்டுப் பேசுற மாதிரி ஆயிடும். அது டியூபாவோட குரலே கிடையாது.

கூவுறது எங்கேர்ந்து?

மைக் தேர்வுல கடைசியா கை வைக்கிறது ஃபீட்பேக். டியூபாவுல அது "கீ"ன்னு கத்தாது. "ம்ம்ம்"னு அடியில ஒரு முனகல் கிளம்பி மொத்த மேடையையும் நிரப்பும். எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடிக்கவே ரெண்டு நிமிஷம் ஆகும்.

காரணம் மேடையோட அமைப்பு. டியூபா பெல் மேல பார்க்குது, மைக் கீழ பார்த்து நிக்குது. மானிட்டர் தரையில. அதாவது மைக்கோட முகமே மானிட்டர் பக்கம்தான் இருக்கு. பாடகர் மைக்கும் மானிட்டரும் எதிரெதிரா முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிற சொகுசு இங்கே இல்லை. பெல் நடுவுல தடுப்பா இருக்கேன்னு கேட்கலாம். அரை மீட்டர் தகடு மேல் அலைகளைத்தான் தடுக்கும், அடி அலை சுத்தி வந்துடும். சூசஃபோன்லயும் இதே கணக்குதான். அங்கே மைக் பெல்லைப் பார்த்து, அதாவது மேடையைப் பார்த்துத் திரும்பி நிக்குது. பின்னால இருக்கிற டிரம்ஸ் எல்லாம் அதுக்கு நேர் முன்னால. 66 சென்டிமீட்டர் பெல் சிம்பலைக் கொஞ்சம் மறைக்கும், கிக் டிரம்மை மறைக்காது. போதாக்குறைக்கு, அந்த 18 அடி காத்துக் குழாய் தானே அதிரக்கூடியது. வாசிக்காம சும்மா பிடிச்சிருந்தாலும் மானிட்டர் பலமா இருந்தா அதுக்குச் சேர்ந்து முனகும்.

இதுக்கு வழி இருக்கு. மானிட்டர்ல டியூபா சேனலோட அடிப்பகுதியை 120, 150 ஹெர்ட்ஸ் வரைக்கும் வெட்டிடுங்க. வாசிக்கிறவங்களுக்கு அடிச்சத்தம் பல் வழியா, எலும்பு வழியா, மடியில இருக்கிற பித்தளை வழியா ஏற்கெனவே வந்துகிட்டுதான் இருக்கு. அவங்களுக்குக் கேட்காம போறது அந்த "த்த"வும் சுருதியும்தான். அதை மட்டும் கொடுத்தா போதும், பலமா ஊத மாட்டாங்க. மானிட்டரை முன்னாலேர்ந்து எடுத்துப் பக்கவாட்டுல, இல்லேன்னா பின்னால வைங்க. சூப்பர்கார்டியாய்ட் மைக்னா அதுக்குக் காது கேட்காத இடம் நேர் பின்னால இல்லை, ரெண்டு பக்கமும் சாய்வா சுமார் 125 டிகிரியில. மைக்கை லேசா சாய்ச்சு மானிட்டர் அந்தக் கோணத்துல விழற மாதிரி பார்த்துக்கங்க. இன்-இயர் இருந்தா இந்தத் தலைவலியே இல்லை.

சரி, பேர் சொல்லுங்க

உக்கார்ந்து வாசிக்கிறவங்க, ஸ்டாண்ட் வைக்கலாம்னா என் முதல் தேர்வு எலக்ட்ரோ-வாய்ஸ் ஆர்இ20. 1968லேர்ந்து இருக்கு. ரேடியோ ஸ்டேஷன் படங்கள்ல பார்த்திருப்பீங்க, பாட்காஸ்ட் பண்றவங்களும் ஆசைப்படுற மைக். சாதாரண கார்டியாய்ட் மைக்குக்குப் பக்கத்துல போனா அடிச்சத்தம் தானா வீங்கும். இதுல அந்த வீக்கம் ரொம்பக் கம்மி. டியூபா வாசிக்கிறவங்க மூச்சு இழுக்கும்போது பெல் முன்னும் பின்னும் ஆடும் இல்லையா, அப்போ சத்தத்தோட நிறம் மாறாம இருக்கிறது இதனாலதான். குறை என்னன்னா எடை, முக்கால் கிலோ. சின்ன பூம் ஸ்டாண்ட்ல மாட்டினா நாலாவது பாட்டுல மெதுவா தலை குனிஞ்சு பெல்லுக்குள்ள போய் உக்கார்ந்துடும். கனமான ஸ்டாண்ட், அடியில மணல் பை, ரெண்டும் வேணும்.

அதுக்கு அடுத்தது சென்ஹைசர் எம்டி 421. 1960ல வந்தது. டாம், கிட்டார் ஆம்ப், டிராம்போன் எல்லாத்துக்கும் போடுவாங்க. அடியில ஒரு வளையம் இருக்கும், அஞ்சு படியா அடிச்சத்தத்தைக் குறைக்கலாம். டிராம்போன், யூஃபோனியம் மட்டும்தான் உங்க பேண்ட்ல இருக்குன்னா இதோட நிறுத்திக்கலாம், மேற்கொண்டு தேட வேண்டாம்.

ரெண்டுக்கும் காசு இல்லையா? ஷூர் எஸ்எம்57. 1965லேர்ந்து உலகத்துல எல்லா மைக் பெட்டியிலயும் கிடக்குது. ஆர்இ20 விலையில ஏறக்குறைய நாலுல ஒரு பங்கு. 40 ஹெர்ட்ஸ்லேர்ந்து 15 கிலோஹெர்ட்ஸ்னு ஸ்பெக் போட்டிருப்பாங்க, அடியில மெலிசுதான். ஆனா பக்கத்துல வெச்சா நான் சொன்ன அந்த வீக்கம் இங்கே நமக்கு உதவி. நடுப்பகுதி தெளிவு. எந்த ஊர் மேடைக்குப் போனாலும் 57 இருக்கும்ங்கிறது எவ்வளவு பெரிய நிம்மதின்னு டூர் போறவங்களுக்குத் தெரியும். கிக் மைக்கா 57ஆன்னு வந்தா நான் 57தான் எடுப்பேன்.

நின்னு ஆடுற சூசஃபோன்காரங்களுக்கு இதெல்லாம் ஆகாது. பெல் விளிம்புல கவ்வுற கிளிப் மைக்தான். ஷூர் பீட்டா 98ஹெச்/சி, டிபிஏ 4099 ரெண்டும் இதுக்கே செஞ்சவை, வளையிற கழுத்தோட வரும். பெல் எங்கே போனாலும் மைக்கும் கூடவே போறதால தூரம் மாறாது, லெவல் மாறாது. ரெண்டுமே கண்டென்சர்ங்கிறதால ஃபாண்டம் பவர் வேணும், இல்லேன்னா வயர்லெஸ் பேக். டிரம் டாம்ல மாட்டுற சென்ஹைசர் இ604 மாதிரி டைனமிக் கிளிப் மைக்கை சூசஃபோன்ல மாட்டுறவங்களும் உண்டு. சத்தத்துக்கு அசராது, கீழ விழுந்தாலும் தாங்கும். ஆனா அந்தக் கிளிப் டிரம் விளிம்புக்காகச் செஞ்சது. உங்க பெல் விளிம்பைப் பிடிக்குதான்னு கடையிலயே மாட்டிப் பாருங்க, வாத்தியத்தையே தூக்கிட்டுப் போங்க. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. எந்தக் கிளிப்பா இருந்தாலும் பெல்லுக்கும் அதுக்கும் நடுவுல ரப்பரோ துணியோ இருக்கட்டும். இல்லேன்னா வால்வ் அமுத்துற சத்தம் "டொக் டொக்"னு நேரா ஸ்பீக்கருக்குப் போகும்.

இன்னொரு வழி, மவுத்பீஸ்லயே சின்ன ஓட்டை போட்டுப் பொருத்துற பீசோ பிக்கப். ஃபீட்பேக் தொல்லை ரொம்பக் கம்மி. ஆனா கேட்கிறது உதட்டு அதிர்வு, பெல்லோட குரல் இல்லை. கொசு கச்சேரி மாதிரி இருக்கும். ஆக்டேவ், டிஸ்டார்ஷன் பெடல் போட்டு வாசிக்கிறவங்களுக்கு அது வரம், மத்தவங்களுக்கு மைக்கோட சேர்த்துக் கொஞ்சம் கலக்க மட்டும்.

பெங்களூர் பேண்டுக்கு என் பதில்: நீங்க உக்கார்ந்து வாசிக்கிறதா சொல்லியிருக்கீங்க. இப்போதைக்கு ஒரு 57 சொந்தமா வாங்குங்க, கூடவே ஒரு நல்ல கனமான பூம் ஸ்டாண்ட். மிச்சக் காசை இன்-இயருக்குச் சேருங்க. ஆர்இ20 அப்புறம்.

சவுண்ட் செக்ல

மிக்ஸர்ல டியூபா சேனலுக்கு ஹை-பாஸ் ஃபில்டர் 35 ஹெர்ட்ஸ் பக்கம் போடச் சொல்லுங்க. அதுக்குக் கீழே பெரும்பாலும் மேடைல கால் வைக்கிற சத்தம்தான். சப் இல்லாத சின்ன ஹால்னா தைரியமா 60 வரைக்கும் ஏத்தலாம். அந்த 12 இன்ச் ஸ்பீக்கர் எப்படியும் 50, 60க்குக் கீழே தேய்ஞ்சு போயிடும், அனுப்பினாலும் கோன் ஆடுறதுதான் மிச்சம். அண்ணா 60 ஹெர்ட்ஸைத் தூக்கப் போனா பக்குவமா சொல்லுங்க, "அண்ணா, 250 பக்கம் கொஞ்சம் குறைச்சுப் பாருங்க, 1.5ல ரெண்டு டெசிபல் கொடுங்க." கொழகொழப்பு பெரும்பாலும் 200, 300ல இருக்கும். மொத்தமா வெட்டிடக் கூடாது, அது டியூபாவோட உடம்பு.

கிக் டிரம்மும் டியூபாவும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். யார் அடியில, யார் மேலன்னு முடிவு பண்ணிடுங்க. டியூபாதான் பேஸ்னா கிக்குக்கு 60ஐக் குறைச்சு "டக்"கை விடலாம். டியூபா வாசிக்கும்போது ஸ்நேர் டிரம்மோட அடிக்கம்பி சர்ருன்னு கூடவே அதிரும், அது மைக் கோளாறு இல்லை. டிரம்மரை ரெண்டடி தள்ளி உக்காரச் சொன்னாலோ, ஸ்நேரைக் கொஞ்சம் சுருதி மாத்தினாலோ குறையும்.

செக் பண்ணும்போது தனியா பலமா ஒரு நீள ஸ்வரம் ஊதிக் காட்டாதீங்க. முழு பேண்டும் வாசிக்கட்டும், உங்க பாட்டுலயே வேகமான, மெதுவான சத்தத்துல வர்ற டியூபா வரியை எடுங்க. ஹாலோட பின் வரிசைக்கு யாரையாவது அனுப்பி, வாயால அந்த வரியைக் கூடவே பாடச் சொல்லுங்க. பாட முடிஞ்சா மைக் இருக்கிற இடம் சரி. தடுமாறினா ஈக்யூவைத் தொடுறதுக்கு முன்னாடி மைக்கை மையத்துப் பக்கம் நாலு விரல் நகர்த்திட்டு, அதே வரியை இன்னொரு தடவை வாசிங்க.